அம்பாரத்தில் திறந்த லேப்டாப்

திரை உடைந்த லேப்டாப்புக்குள் இருந்ததெல்லாம் உப்பு அம்பாரத்தின் மேல் தெரிய ஆரம்பித்தபோது காலை மணி பத்து, பங்குனி வெயில் உச்சந்தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது, எங்களுக்கு இன்னும் பதினெட்டுப் பாத்தி வாரக் கிடந்தது, ஆகையால் யாரும் ஆச்சரியப்படவில்லை. தலைச்சுமையோடு மேட்டுக்கு ஏறிய மாடத்தி மட்டும் அம்பாரத்தின் சரிவில் ஆளுயரத்துக்கு ஓர் அம்புக்குறி கிடப்பதைப் பார்த்து, மிதித்துவிடாமல் சுற்றிப் போய்க் கூடையைத் தட்டிவிட்டு, "எவ ஏட்டி அது, நடக்கிற பாதையில சாமானப் போட்டு வச்சிருக்கது" என்று கேட்டாள்.

சாமான் ராசகனியுடையது. அவள் செத்து அன்றைக்குப் பத்தொன்பது நாள்.

அவளுடைய அக்கா பவளக்கொடி பன்னிரண்டு வயதிலிருந்து எங்களோடு உப்பு வாருகிறவள். தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் தங்கையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். அந்த வகுப்பில் அரசாங்கம் சும்மா கொடுத்த லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ராசகனி ஞானதுரை அண்ணாச்சியின் உப்பளத்து ஆபீசுக்கு வேலைக்கு வந்தாள். ஆபீசில் கம்ப்யூட்டர் கிடையாது. அதுதான் அந்தப் பிள்ளை கொண்டு வருதே என்று முதலாளி வாங்காமலே விட்டுவிட்டார். ஆள் வருகையும் லாரி நம்பரும் அதில் அடிப்பாள், அது முடிந்தால் மேட்டு நிழலில் உட்கார்ந்து எங்களுக்கு மனு அடிப்பாள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒரு மனு, புருசன் செத்ததற்குப் பென்ஷன் கேட்டு ஒரு மனு, குடிதண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வரச் சொல்லி மாதத்துக்கு ஒரு மனு. நான்கு வருடம் எங்கள் பெயரையெல்லாம் வருகைப் பதிவில் அடித்தவளுடைய பெயரை மட்டும் அதில் சேர்க்க முதலாளி ஒருநாளும் சொல்லவில்லை.

பாத்திக்கு உவர்த்தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்குப் போகும் வயர் மூன்று இடத்தில் தோல் உரிந்து வரப்பின்மேல் கிடந்தது. சாரைப்பாம்பைத் தாண்டுகிற மாதிரி நாங்கள் வருடக்கணக்காக அதைத் தாண்டித் தாண்டிப் போனோம். ஒருநாள் காலையில், ஈரக்காலோடு, தோளில் பையோடு, கையில் போனோடு வந்த ராசகனி அதைத் தாண்டத் தவறினாள். போன் கையோடு கருகிப் போனது. லேப்டாப் அவள் உடம்புக்கு அடியில் சிக்கித் திரை நொறுங்கியது.

போலீஸ் வந்து முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டது. மேற்படி ராசகனி எங்கள் அளத்தில் வேலை பார்ப்பவர் அல்ல, செம்புக் கம்பி திருட வந்த இடத்தில் மின்சாரம் தாக்கி இறந்தார். பவளக்கொடிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். 'திருட' என்ற சொல்லுக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அந்த இடத்தோடு அழுகையை நிறுத்தினாள், அதற்கப்புறம் நாங்கள் யாரும் அவள் கண்ணில் தண்ணீர் பார்க்கவில்லை.

சாகிறதுக்கு நாலு நாள் முன்னால் ராசகனி அக்காவிடம் சொல்லியிருந்தாள். "வயரப் பத்தி அண்ணாச்சிகிட்ட நேராவே கேட்டுட்டேன்க்கா. அவுக பேசுனத அப்பிடியே வீடியோ எடுத்து லேப்டாப்புல ஏத்தி வச்சிருக்கேன். நாளைக்கு எதாவதுன்னா பேச்சு மாத்தக்கூடாதுல்ல." அந்த வீடியோதான் பவளக்கொடிக்கு வேண்டும். தொழிலாளர் ஆபீசில் விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் அது கையில் இல்லையென்றால் காகிதத்தில் அவள் தங்கச்சி காலத்துக்கும் திருடிதான்.

டவுனில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் லேப்டாப் பழுது பார்க்கிற மரியதாசிடம் கொண்டுபோனாள். அவன் திருப்பிப் பார்த்துவிட்டு நம்பிக்கையாகத்தான் பேசினான். "திரைதான்க்கா போயிருக்கு. உள்ள இருக்கிற ஹார்டு டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டுனா எல்லாத்தையும் எடுத்திரலாம். வெள்ளிக்கிழம வாங்க."

வெள்ளிக்கிழமை போனால் அவன் முகம் கொடுக்கவில்லை. லேப்டாப் பை கல்லாவுக்கு வெளியே தயாராக இருந்தது, திருகாணி ஒன்றுகூடத் திருகப்படவில்லை.

"இது செத்துப்போச்சுக்கா."

"செத்ததா, சாகச் சொல்லிட்டாகளா?"

"எனக்கும் பிள்ளைக இருக்குக்கா. டவுன்ல அண்ணாச்சிக்கு இருக்கிற கடை பூராவும் நான்தான் கம்ப்யூட்டர் பாக்கேன்."

"பாரு. நல்லாப் பாரு. ஆனா எந்தங்கச்சி பெட்டியச் செத்துப்போச்சுன்னு சொல்லாத. செத்தத நான் பாத்திருக்கேன், அது இப்பிடி இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை அதைச் சோற்றுவாளியோடு அளத்துக்குக் கொண்டுவந்தாள். மோட்டார் அறைக்குள் போனாள், தங்கையை எடுத்த அதே லைனில் சார்ஜரைச் சொருகினாள். "ஆளத் தின்ன கரண்டு பெட்டிக்கும் கொஞ்சம் குடுக்கட்டும்" என்று அவள் சொன்னது எங்களுக்குக் கேட்டது. பொத்தானை அமுக்கினாள். உள்ளே விசிறி இரைந்தது, உடைந்த திரை கறுப்பாகவே இருந்தது, வெளியே பத்து லாரி கொள்ளுகிற அம்பாரத்தின்மேல் நீலமாக ஒரு வெளிச்சம் பரவி, வரிசை வரிசையாக மஞ்சள் பெட்டிகள் முளைத்து, அவற்றுக்குக் கீழே தமிழில் பெயர்கள் எழுந்து நின்றன. அந்த வெயிலில், கண்ணைக் கூசவைக்கிற அந்த வெள்ளையில், அவை புதுச்சேலைக் கரைமாதிரி துலக்கமாகத் தெரிந்தன.

அம்பை நகர்த்தத்தான் வழியில்லை. லேப்டாப்பில் விரல் வைத்துத் தேய்க்கிற சதுரத்தில் பவளக்கொடி தேய்த்தாள், அம்பு அசையவில்லை. மாடத்தி தேய்த்தாள், அசையவில்லை. நாங்கள் நாற்பத்தோரு பேரும் வரிசையாக வந்து தேய்த்தோம். உப்புத்தண்ணீர் எங்கள் விரல் ரேகைகளை எப்போதோ தின்று முடித்துவிட்டது. ரேஷன் கடை மெஷினே எங்களை ஆளென்று ஒத்துக்கொள்வதில்லை, மாதாமாதம் நான்கு தடவை துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டு நாளைக்கு வா என்று விரட்டுகிறார்கள். ராசகனியின் லேப்டாப்பும் எங்களை ஆளென்று ஒத்துக்கொள்ளவில்லை.

பவளக்கொடி எழுந்தாள். உப்பு வாருகிற பலகையை எடுத்துக்கொண்டு அம்பாரத்தில் ஏறினாள், அம்புக்குறியின் பின்புறத்தில் பலகையைக் கொடுத்துத் தள்ளினாள். அம்பு சரசரவென்று உப்பின்மேல் நகர்ந்தது. அதற்கு என்ன கனம் என்று அப்புறம் கேட்டோம், ஈர உப்பு ஒன்றரைக் கூடை இருக்கும் என்றாள்.

பக்கத்தில் இருந்த, 'மனுக்கள்' என்று எழுதிய பெட்டிவரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். அது திறக்கவில்லை. வெயிலும் பசியும் சேர்ந்த எரிச்சலில் மாடத்தி, "தெறந்து தொலையேன்" என்று மண்வெட்டியால் அதன் தலையில் இரண்டு போடு போட்டாள். திறந்தது. அப்படித்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். ஒரு போடு போட்டால் பெட்டி நிறம் மாறும், அடுத்தடுத்து இரண்டு போடு போட்டால் திறக்கும், பக்கத்தை மேலே ஏற்றப் பலகையால் கீழிருந்து வார வேண்டும்.

இனி வெட்கக்கேடான பகுதி. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மனுப் பெட்டி திறந்ததும் எங்கள் பெயர்கள் தெரிந்தன. நாங்கள் எல்லோரும் பவளக்கொடியை விட்டுவிட்டு எங்கள் எங்கள் மனுவைத் தேடி அம்பாரத்தில் ஏறினோம். ஒருத்தி பட்டாவைத் தேடினாள், ஒருத்தன் மகளின் சாதிச் சான்றிதழைத் தேடினான். தன் மனு இருந்த துண்டு உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்களும் உண்டு; அங்கே கவுண்டரில் கூடையை வைத்து, மனு உப்பில் இருக்கிறது, முத்திரை போடுங்கள் என்று கேட்க, உப்பில் போட்டால் மை ஊறும், காகிதத்தில் எடுத்து வாருங்கள் என்று பதில் வந்ததாம். அடுத்த நாள் பக்கத்து அளத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள். சுக்குக்காப்பி விற்கிறவன் சைக்கிளை நிறுத்தினான். இரண்டு நாள் முழுக்க எங்கள் மனுக்களைத் தோண்டினோம், பவளக்கொடி அம்பாரத்தின் உச்சியில் பலகையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பேசினாள். சத்தம் போடவில்லை.

"அவ செத்தன்னைக்கு இத்தன பேரு வரல. போலீசு கேட்டப்ப, எங்ககூட நாலு வருசம் வேல பாத்த பிள்ளைன்னு சொல்ல நாப்பது பேர்ல ஒரு வாய் தெறக்கல. இப்ப பிணத்த ஒதுக்கிவச்சுட்டுப் பட்டா தேடுதீய."

மாடத்தி தன் பென்ஷன் மனு இருந்த கூடையை மெதுவாக அம்பாரத்திலேயே திரும்பக் கொட்டினாள். "எந்தப் பெட்டின்னு சொல்லுட்டி" என்றாள். அதற்கப்புறம் எல்லோரும் தோண்டினோம். அம்பாரத்தின் அடிவயிற்றில், முழங்கால் ஆழத்தில், 'மோட்டார்' என்ற பெயரோடு அது கிடைத்தது. பவளக்கொடி இரண்டு போடு போட்டாள்.

முதலில் வயர் தெரிந்தது, இருபது அடி நீளத்துக்கு, உரிந்த இடத்தில் செம்பு பளபளக்க. பிறகு உப்பே பேசியது.

"அண்ணாச்சி, இந்த வயரு மூணு எடத்துல உரிஞ்சு கெடக்கு. எங்கக்காவும் மத்தவுகளும் ஈரக்காலோட தாண்டுதாக. மாத்திருங்க அண்ணாச்சி."

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அந்த முகம். ஞானதுரை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார். "தாண்டத் தெரிஞ்சவ வேலைக்கு வரட்டும். செத்தா வேற ஆளா இல்ல? நீ போயி லாரி நம்பர அடி."

நாற்பது விநாடி. முடிந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கங்காணி சுப்பையா ஓடிப்போய் மெயினை இறக்கினான், சார்ஜரைப் பிடுங்கினான், லேப்டாப்பை மூடி அதன்மேல் உட்காரவும் செய்தான். அம்பாரம் பேச்சை நிறுத்தவில்லை. உப்பு எதைக் குடித்தாலும் அப்புறம் விடாது என்று எங்களுக்குத் தெரியும், எங்கள் கால்களைப் பார்த்தாலே தெரியும்.

தொழிலாளர் ஆபீசிலிருந்து விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். குடை பிடித்துக்கொண்டு ஒன்பது தடவை அந்த நாற்பது விநாடியைக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தரமுடியுமாம்மா?" என்றார்.

"அம்பாரத்தையே தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றாள் பவளக்கொடி.

"உப்பு சாட்சி சொல்லும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா."

"உப்பு சொல்லலங்கய்யா. உங்க முன்னால பேசுதது எந்தங்கச்சி."

அவர் குடையை மடக்கி ஜீப்பில் ஏறினார். பார்வைக் குறிப்பில் அவர் எழுதியதைப் பின்னால் வாசித்துக் காட்டினார்கள்: 'சம்பவ இடம் பார்வையிடப்பட்டது. உப்பு வெண்மையாகக் காணப்பட்டது.' விசாரணையை ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

மறுநாள் முதலாளி வந்தார். அந்த மனிதர் புத்தியாக நடந்திருந்தால் நாலு டிராக்டரை விட்டு அம்பாரத்தைக் கடலில் தள்ளியிருப்பார், கடல் அதைக் கரைத்து ஒரு வார்த்தை வெளியே விடாமல் வைத்துக்கொண்டிருக்கும். ஆனால் மூன்று தலைமுறையாக ஒரு பிடி உப்பைச் சும்மா போகவிடாத வீடு அது. மழை விழுந்தால் பெற்ற பிள்ளையைவிட முதலில் அம்பாரத்தைத்தான் ஓலை போட்டு மூடுவார்கள். அவருக்குக் கடல் ஞாபகமே வரவில்லை. "அரவைக்கு அனுப்பு. பொடியாக்கி மூட்டையில கட்டிட்டா எங்க பேசும்?" என்றார். பத்து லாரி வந்து நின்றது.

நாங்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. சொல்லிவைத்துக்கொண்டெல்லாம் இல்லை, சும்மா நின்றோம், நாற்பது பேரும் பவளக்கொடியைப் பார்த்தபடி நின்றோம். நின்றிருந்தால் அதுவே எங்கள் வாழ்நாளில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியமாக இருந்திருக்கும். அவள் அதையும் எங்களுக்குத் தரவில்லை. லாரிகளைப் பார்த்தாள். லாரிகளின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினாள், மதுரை, விருதுநகர், திண்டுக்கல், கரூர், சேலம். பிறகு சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.

"ஏத்துங்க."

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்றாள் மாடத்தி. "ஒந்தங்கச்சிய நீயே மூட்ட கட்டுவியா?"

"ஏத்துங்கன்னு சொல்லுதேன். ஒரு கல்லு கீழ விடாம ஏத்துங்க."

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பவளம், நீ பொழைக்கத் தெரிஞ்சவ" என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்காமல் கூடையை நிரப்பினாள். பத்து லாரியும் போனபிறகு மேட்டைத் துடைப்பத்தால் கூட்டி, மிஞ்சிய இரண்டு கை உப்பையும் ஓடிப்போய்க் கடைசி லாரியில் போட்டாள்.

அந்த உப்பு பொடியாக அரைபட்டு, முதலாளி கும்பிட்டபடி சிரிக்கிற படம் போட்ட பாக்கெட்டில் அடைபட்டு, பதினொரு ஜில்லாவுக்குப் போனது. முதலில் விருதுநகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாம்பார் கொதிக்கும்போது பேசியது. கடைக்காரர் வாடிக்கைக்காரர்களிடம் சமாதானம் சொன்னார், ருசியில் ஒன்றும் குறை இல்லை என்று. சேலத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஆயிரம் இலையில் ஒரே நேரத்தில் பரிமாறிய ரசம் 'மாத்திருங்க அண்ணாச்சி' என்று கேட்க, மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை வாசித்துச் சமாளித்தார்கள். திண்டுக்கல்லில் சாமிக்கு வைத்த வெண்பொங்கல் பேசியது. சாமிக்கு அது புதிதில்லை என்று பூசாரி படைத்துவிட்டார். ஊறுகாய் ஜாடிகள் முணுமுணுத்தன. கரூரில் பெண்கள் அந்த நாற்பது விநாடியை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே காய் நறுக்கினார்கள், முதலாளி பேசுகிற இடம் வந்ததும் அரிவாள்மனையில் கை கொஞ்சம் அழுந்தும். "அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

இதில் ஒன்று முதலாளியும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. உப்பை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். உப்பு மகாலட்சுமி, காலில் மிதிபட்டால் குடும்பத்துக்கு ஆகாது, விளக்கு வைத்தபின் அதன் பெயரைக்கூடச் சொல்லாத வீடுகள் இருக்கின்றன. ஆகவே வேண்டாமென்று தோன்றிய வீட்டிலும் ஒரு பாக்கெட்டும் வெளியே வரவில்லை. தின்றுதான் தீர்க்க வேண்டும். ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாக, மூன்று வேளையும் கேட்டுக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். முதலாளி வீட்டில் மட்டும் உப்பில்லாமல் சமைத்தார்கள் என்று கேள்வி. முதலாளி பாதி எடை ஆகிவிட்டார் என்றும் கேள்வி. எங்களுக்கு அதில் சந்தோஷமில்லை, பட்டினி கிடக்கத் தெரியாதவன் மெலிவதில் யாருக்கு என்ன.

சொல்லத் தகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மாதக் கடைசியில் ஊர்கள் பழகிவிட்டன. குரலை வைத்து உப்பின் அளவைக் கணிக்கிற சமையல்காரிகள் வந்துவிட்டார்கள். குரல் தெளிவாகக் கேட்டால் உப்பு சரி, கம்மினால் இன்னும் ஒரு சிட்டிகை. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ராசகனி அத்தனை அடுப்படிகளிலும் பல்லி சொல்கிற மாதிரி ஒரு சத்தமாக மட்டும் ஆகியிருப்பாள். அதற்குள் விசாரணை நாள் வந்தது.

பவளக்கொடி தனியாகப் போகவில்லை, நாங்களும் போனோம். கேட்காமலே போனோம், அவளும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மதியம் ஒரு மணி. விசாரணை அதிகாரி மேஜைமேல் தயிர்ச்சோற்று டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு லட்சுமிகரமாக இருக்கட்டும் என்று அவர் சம்சாரம் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறாள் என்று பியூன் எங்களிடம் முன்னமே சொல்லிவிட்டான்.

"தெறங்கய்யா. சாப்பிடாம எப்பிடி வேல பாப்பீக" என்றாள் பவளக்கொடி.

அவர் திறக்கவில்லை. மூடிக்குள்ளிருந்தே ராசகனி 'வயரு மூணு எடத்துல உரிஞ்சு கெடக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதிகாரி எங்களைப் பார்த்தார். "இவங்கல்லாம் யாரு?"

மாடத்தி முன்னால் வந்தாள். "எம்பேரு மாடத்தி. ராசகனி எங்ககூட நாலு வருசம் வேல பாத்தா. எங்க வருகைய அவதான் அடிச்சா. எழுதிக்கிடுங்க" என்றாள். அடுத்தவன் வந்தான், அவனும் சொன்னான். நாற்பது பேரும் சொன்னோம். ரேகையில்லாத நாற்பது பெருவிரல்களை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தோம், நாற்பது வட்டக் கறை விழுந்தது. அதிகாரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, போலீஸ் எழுதியதை அப்படியே இறக்கி வைத்திருந்த பழைய பக்கத்தைக் கிழித்துக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, புதுப்பக்கத்தில் எழுதி, எழுதியதை வாசித்தார். ஞானதுரை உப்பளத்தின் ஊழியர் ராசகனி, பணி நேரத்தில், பழுதானதென்று நிர்வாகத்திடம் ஏற்கெனவே தெரிவித்திருந்த வயரால் மின்சாரம் தாக்கி இறந்தார்.

"சரிதானம்மா?"

"திருடங்கிற வார்த்த எங்க?"

"அதத்தான் எடுத்தாச்சே. அந்தப் பக்கமே இல்ல."

"இல்லன்னா எப்பிடிங்கய்யா? நீங்க எழுதுனது இல்லன்னு ஆயிருமா? அத எழுதுங்க."

"கிழிச்சத மறுபடி எதுக்கும்மா எழுதணும்?"

"எழுதுங்க."

தயிர்ச்சோறு மூடிக்குள் முதலாளியின் குரலுக்கு வந்திருந்தது. அதிகாரி பேனாவை எடுத்து, வாக்கியத்தின் நடுவில் இடம் பார்த்து, 'திருட வந்து' என்று எழுதினார்.

"இப்ப அடிங்க."

கோடு போட்டு அடித்தார். பவளக்கொடி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி, கோட்டுக்கு அடியில் அந்தச் சொல் படிக்கக் கிடைக்கிறதா என்று பார்த்தாள். கிடைத்தது. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவினாள், கோடு அங்கே தட்டுப்படவில்லை. பிறகு பதிவேட்டை அவர் பக்கமே திரும்பத் தள்ளினாள்.

"அழுத்தி அடிங்கய்யா. அந்தப் பக்கமும் தெரியட்டும்."